கழிவு போக மீதி மீன்

மீனுக்கு அரை டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்கும் அரை டிக்கெட்தான்.

மீன் ஏழு கிலோவைத் தாண்டவில்லை. தாண்டினால் முழு டிக்கெட். அம்மா, பஸ் கம்பியில் போட்டிருக்கும் உயரக் கோட்டைத் தாண்டவில்லை. கண்டக்டர் அவளைக் கம்பியோடு ஒட்டி நிறுத்திப் பார்த்தார். கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தாள்.

"போன மாசம் கோட்டுக்குச் சரியா இருந்தீங்களேம்மா," என்றார்.

"போன மாசம் பூரா மழை தம்பி. ஈரக் கொழுந்துக்குக் கழிவு ஜாஸ்தி," என்றாள் அம்மா.

கண்டக்டர் தலையை ஆட்டிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். அவருடைய அம்மாவும் தேயிலைத் தோட்டம்தான்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இது சாதாரணம். பறித்த கொழுந்தைச் சாயங்காலம் எடைக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிவு கொழுந்தோடு நிற்காது. பறித்தவள் மேலும் கொஞ்சம் விழும். முப்பது வருடம் பறித்தவர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளை உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அம்மாவுக்கு நான் செருப்புக் கடையில் சிறுவர் பகுதியில்தான் வாங்குகிறேன். அங்கே எல்லாமே பூப்போட்டது. நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும்.

நான் வளர்ந்தேன். நான் கொழுந்து பறிக்கவில்லை. விலங்கியல் படித்தேன். எங்கள் லயத்தில் முதல் பட்டதாரி நான். தாசில்தார் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழே கொடுத்திருக்கிறார், இவள் வீட்டில் இதற்கு முன்னால் யாரும் படிக்கவில்லை என்று. அதை வாங்க நாங்கள் எத்தனை நாள் நடந்தோம் என்பதைச் சொன்னால் அசிங்கமாகப் பேச வேண்டிவரும்.

பட்டம் வந்தது. வேலை வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தை எடுத்துக்கொண்டு பனிமந்து அணைக்குப் போனேன். அங்கே சும்மா உட்கார்ந்தால் வாட்ச்மேன் விரட்டுவார். தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விரட்ட மாட்டார், அனுமதிச் சீட்டை மட்டும் கேட்பார். சீட்டு வாங்கினேன். மூங்கில் கம்பில் தூண்டில் நரம்பைக் கட்டிப் போட்டேன். சோறு கொண்டுவந்த அம்மா பார்க்க, ஒரு ட்ரவுட் மீன் விழுந்தது.

இதை நான் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் விழல. வந்தேன்," என்றது மீன். அது ஜன்னலோரம் ஈரச் சாக்கில் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"எதுக்கு வந்தே?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இவ கரை மேல உக்காந்து யாரையோ திட்டிக்கிட்டே இருந்தா. யாரைன்னு பாக்க வந்தேன்."

"யாரைத் திட்டினா?"

"முடிவாத் தெரியல. லிஸ்ட் பெருசு."

அம்மா சிரித்தாள். மீனுக்குப் பாட்டிலிலிருந்து ஒரு மூடி தண்ணீர் கொடுத்தாள். பிறகு வர்க்கி பிஸ்கட்டை உடைத்து ஒரு துண்டு நீட்டினாள். மீன் வேண்டாம் என்றது. கொண்டை ஊசி வளைவில் அதற்குக் குமட்டுமாம்.

பனிமந்து தூண்டில் சங்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. அந்த அணையிலேயே பெரிய ட்ரவுட்டைப் பிடித்தவர் பெயர் அதில் இருக்கும். தொண்ணூறு வருடமாக ஒரே பெயர்தான். ஹெம்பிள்டன் துரை, பத்து ராத்தல். ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சங்கத்தில் இன்னும் ராத்தல்தான், கிலோ அங்கே வந்து சேரவில்லை. என் மீன் பதினாலு ராத்தல்.

அந்தப் பலகையில் 'யோகராணி, பி.எஸ்சி.' என்று வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். எங்கள் வீட்டில் யார் பெயரும் இதுவரைக்கும் எந்தச் சுவரிலும் வந்ததில்லை. எங்கள் சுவரில் மற்றவர்கள் பெயர் வரும், தேர்தல் சமயத்தில்.

கற்பூர மரங்களுக்கு நடுவில் சங்கம் இருந்தது. ஓட்டுக் கட்டிடம். உள்ளே போனதும் ஒரு தாழ்வாரம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஹெம்பிள்டன் துரையின் மீனைப் பஞ்சு அடைத்து வைத்திருந்தார்கள். பத்து ராத்தல் மீனுக்கு அது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அதன் தலையிலிருந்து வாலுக்கு நடந்து போக நேரம் பிடித்தது. அந்தக் காலத்து ராத்தல் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாழ்வாரத்தை ஒட்டிய அறையில் சரிபார்ப்புக் குழு இருந்தது. குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் சம்பந்தமூர்த்திதான். கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டிருந்தார். முதல் நாற்காலியில் உட்கார்ந்தால் தலைவர். இரண்டாவதில் எடை நிபுணர். மூன்றாவதில் இன நிபுணர். நான்காவதில் புகைப்படம். கடைசி நாற்காலி ஆட்சேபம். ஒரு நாற்காலியில் பேசியது அடுத்த நாற்காலியில் அவருக்குத் தெரியாது. அப்படி இருந்தால்தான் பாரபட்சம் வராது என்று வாசலில் எழுதியிருந்தது.

நாங்கள் போனபோது அவர் தலைவராக இருந்தார்.

"என்னம்மா?"

"மீன் பதியணும் சார்."

"யார் பிடிச்சது?"

"நான்."

"வீட்டுக்காரர் எங்க?"

"இல்ல."

"வெளிய நிக்கறாரா?"

"எங்கயும் இல்ல சார். இன்னும் கல்யாணம் ஆகல."

"ஆனதும் வாங்களேன். ரெண்டு பேருமா."

"மீனு அதுவரைக்கும் காத்திருக்காது."

"காத்திருப்பேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றது மீன்.

நான் அதை முறைத்தேன். அது சாக்குக்குள் முகத்தை இழுத்துக்கொண்டது.

சம்பந்தமூர்த்தி விதிகளைப் படித்தார். மீனைக் கரையில்தான் எடை போட வேண்டும், தண்ணீரில் கூடாது. பிடித்தவர் தவிர வேறு யாரும் தூண்டில் கம்பைத் தொட்டிருக்கக் கூடாது. தூண்டில் நரம்பில் ஒரு முழம் வெட்டிக் கொடுக்க வேண்டும். கேட்டால் ஒரு முறை மறு எடை உண்டு.

"கம்பை வேற யாராவது தொட்டாங்களா?"

"எங்க கம்பை யாரும் தொட மாட்டாங்க சார்."

"நல்லது," என்று குறித்துக்கொண்டார். "சாட்சி?"

"எங்கம்மா பாத்தாங்க."

"சொந்தம். சொந்தம் செல்லாது."

"நான் பாத்தேன்," என்றது மீன்.

"நீ ஒரு தரப்பு."

"நான் கீழ இருந்து பாத்தேன் சார். மேல இருந்து பாத்தவங்களுக்குத் தண்ணிதான் தெரிஞ்சிருக்கும்."

அவர் யோசித்தார். நியாயம் என்று எழுதிக்கொண்டார். எழுந்து இரண்டாவது நாற்காலிக்குப் போனார்.

"வாங்க வாங்க, என்ன விஷயம்?" என்றார் எடை நிபுணர்.

முதலிலிருந்து சொன்னேன். அவர் உத்தரத்தில் தொங்கிய கொக்கித் தராசைக் காட்டினார். நான் சாக்கை அவிழ்த்தேன். மீன் கொக்கியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதற்குக் கண்ணை மூட இமை கிடையாது. ஆனாலும் மூடிக்கொண்டது.

"பதினாலு," என்றார். "சுத்தமாப் பதினாலு. ஒரு இழை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு மீன் பாத்ததில்லம்மா." எழுந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆட்சேபம்," என்றார்.

"என்ன சார்?"

"மீன் ஈரமா இருக்கு."

"மீன் சார் அது."

"ஈரத்துக்கு ஒரு ராத்தல் கழிவு."

குறித்தார். அவர் குறித்து முடிக்கையில் மீன் சுருங்கியது. கொக்கியிலிருந்து இறக்கிக் கையில் வைத்திருந்த எனக்குத் தெரிந்தது. ஊதிய பலூனிலிருந்து கொஞ்சம் காற்றை விட்ட மாதிரி.

"என்னமோ பண்ணுது," என்றது மீன்.

தாழ்வாரத்தில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது.

"அடுத்து, சாக்குக்கு ஒரு ராத்தல்," என்றார்.

"சாக்கை அவுத்துட்டுத்தானே சார் மாட்டினோம்?"

"அவுத்தீங்கன்னா, முன்னாடி இருந்திருக்கு."

"முன்னாடி இருந்ததுக்கு இப்ப எதுக்குக் கழிக்கறீங்க?"

"இப்ப இருந்தா இப்பவே தெரியுமே. கண்ணுக்குத் தெரியற சாக்குக்கு யாரு கழிவு போடுவா?"

மீன் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. அம்மா ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை.

"எங்களுக்கும் அப்படித்தாங்கய்யா," என்றாள் அவரிடம். "மடியில கொண்டாந்து கொட்டினாலும் சாக்குக் கழிவு உண்டு." தெரிந்த சட்டம் இங்கேயும் இருப்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு."

"நான் என்ன சொல்லிப்புட்டேன்? கழிச்சாக் கழிச்சுட்டுப் போறாங்க. ஒடம்பு நல்லா இருந்தாச் சரி."

சம்பந்தமூர்த்தி இன நிபுணர் ஆனார். மூக்குக் கண்ணாடி போட்டு மீனின் புள்ளிகளை எண்ணினார். பிறகு அதன் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"சொந்த ஊர்?"

"பனிமந்து," என்றது மீன்.

"அதுக்கு முன்னாடி?"

"முட்டை."

"அதுக்கும் முன்னாடி?"

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் முட்டையா இருக்கையில ஐஸ்ல வெச்சுக் கப்பல்ல கொண்டாந்தாங்களாம். வெள்ளைக்காரங்களுக்கு இங்க பொழுது போகலையாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"பனிமந்து."

"அதுக்கு முன்னாடி?"

"எங்கம்மா மண்டபம் கேம்ப்ல இருந்தாங்க."

"அதுக்கும் முன்னாடி?"

"கப்பல்."

"அதே கப்பலா?"

"வேற கப்பல் சார். எங்களுக்கு ஐஸ் எல்லாம் வெக்கல."

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராவது இவ்வளவு பெருசா இருந்திருக்காங்களா?" இதை மீனிடம் கேட்டார்.

"நான்தான் முதல் தலைமுறை. மத்தவங்கல்லாம் பொடியா இருக்கறப்பவே வறுத்துட்டாங்க."

"சான்றிதழ்?"

"தாசில்தார் லீவு," என்றது மீன்.

என்னைக் கேட்காமலே பொய் சொல்லிவிட்டது. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வெளியூர்க் கழிவு ஒரு ராத்தல்," என்றார்.

"ஹெம்பிள்டன் துரையும் கப்பல்லதானே சார் வந்தாரு? அவருக்குக் கழிச்சீங்களா?"

"அவர் முதல் வகுப்புல வந்தார்."

எனக்குக் காது சூடானது. காலேஜில் ஒரு முறை இப்படி ஆனது. அன்றைக்கு ஒரு மைக்ராஸ்கோப் உடைந்தது. இங்கே உடைக்கத் தராசு ஒன்றுதான் இருந்தது. அதுவும் உயரத்தில் இருந்தது.

நான்காவது நாற்காலியில் அவர் கேமராவை எடுத்தார். மீனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். படம் உடனே வெளியே வந்தது. படத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் என் மீனைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இது நான் இல்லையே."

"எல்லாருக்கும் இதுதான் வரும் மிஸ். உங்க முகம் வேணும்னா தனியாக் கழுவணும்."

"கழுவுங்க."

"மெட்ராஸ் போயி வரணும். துரை நல்லாத்தானே இருக்கார்?"

"இவ கையை விட அவரு கையில நான் சின்னதாத் தெரியறேன்," என்றது மீன் வருத்தத்தோடு.

நான் மீனைச் சாக்கில் சுற்றினேன். "இப்ப பதினொண்ணு ராத்தல் இருக்கு சார். பலகையில பத்து. பதினொண்ணு பெருசா, பத்து பெருசா?"

"பதினொண்ணுதான்."

"அப்ப எழுதுங்க."

"பலகையைப் பாத்துட்டுத்தானே எழுதணும்? வாங்க."

பலகை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. நடந்தோம். வரும்போது இருந்ததைவிடத் தாழ்வாரம் நீண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த மீனின் கண் மட்டும் மூன்று ஜன்னல் தாண்டி வந்தது. செவுளைத் தாண்டுவதற்குள் அம்மா இரண்டு தடவை உட்கார்ந்தாள். வயிற்றுப் பகுதியில் கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. அம்மா நின்றுவிட்டாள்.

"இது நம்ம ஈரக் கொழுந்து வாசமில்ல, புள்ள?"

கொழுந்து வாசம்தான்.

பலகையில் 'ஹெம்பிள்டன் துரை, பதின்மூன்று ராத்தல்' என்றிருந்தது. மூன்று என்பதில் பெயிண்ட் காயவில்லை.

நான் பி.எஸ்சி. படித்திருக்கிறேன். இந்தக் கணக்குக்கு அது தேவையில்லை. என்னிடம் ஒன்று கழித்தால் அங்கே ஒன்று கூடுகிறது.

"கழிச்சது எங்க சார் போகுது?"

சம்பந்தமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி எதுவும் பக்கத்தில் இல்லை. நாற்காலி இல்லாத நேரத்தில் அவர் குழுவில் யாருமே இல்லை. அதனால் உண்மையைச் சொன்னார்.

"கழிச்சதைக் குப்பையிலயா போட முடியும்? சாதனையோட சேத்துருவோம். தோட்டத்து எடைக் கொட்டகைக் கழிவு எல்லாமே இங்க பெட்டிக்குத்தான் வருது, பலகையில ஏறாது. மாசம் ஒரு லாரி. போன மாசம் ரெண்டு. மழை இல்லையா?"

"அப்ப இதை யாருமே தாண்ட முடியாதே!"

"அதுக்குப் பேருதானே மிஸ் சாதனை?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நல்லவராகத்தான் தெரிந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் முன்னால் நடந்து அறைக்குப் போய்விட்டார்.

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "வா புள்ள. நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் வண்டி இல்ல. மீனைத் தண்ணியில விட்டுட்டுப் போவம். ராத்திரிக்குக் கருவாடு இருக்கு."

"கருவாட்டைப் பத்தி என் முன்னாடி பேசாதீங்கம்மா," என்றது மீன்.

"உன்னையச் சொல்லல ராசா."

மீன் என்னைப் பார்த்தது. சாக்கில் இப்போது நிறைய இடம் மிச்சம் இருந்தது. "விட்டுருவமா?"

"உனக்கு வேணாமா?"

"எனக்கு எதுக்கு? பலகையில என் பேரா வரப்போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஏறியதிலிருந்து நான் அதன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எங்கள் கொழுந்து எடையை யார் பெயரிலோ எழுதும்போது நான் போட்ட சண்டை எல்லாம் ஞாபகம் வந்தது.

"அப்ப எதுக்குக் கூட வந்தே?"

"நீ தனியா வந்தா இங்க அடிதடி ஆயிரும்னு."

"இப்பவும் ஆகும்."

"அது தெரியுது. என்னைக் கீழ வெச்சுட்டு அடி."

நான் அடிக்கவில்லை. அறைக்குத் திரும்பிப் போனேன். தலைவர் நாற்காலியில் இருந்தவரிடம் மறு எடை கேட்டேன். கேட்டால் ஒரு முறை கொடுக்க வேண்டும் என்பது அவர் படித்த விதிகளிலேயே இருந்தது. அவர் தேடிப் பார்த்தார். இருந்தது. சோகமாக இரண்டாவது நாற்காலிக்கு மாறினார்.

"மறு எடை மேடைத் தராசுலதான்," என்றார் எடை நிபுணர். மூலையில் துணி போட்டு மூடியிருந்த தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டை நிறுக்கும் தராசு. எதிரே தட்டு மாதிரி ஒரு வட்டம், அதில் பெரிய முள். "மீன் இதுல நிக்காது. வழுக்கும். அதனால நீங்க மீனைத் தூக்கிட்டு ஏறுங்க. ரெண்டு பேர் எடையும் வரும். அப்புறம் நீங்க எறங்குங்க. உங்க எடையைக் கழிச்சா மீனோட எடை. கைப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில பாப்பாங்களே, அதே மாதிரி."

நியாயமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். முள் ஓடி நின்றது.

"நூத்து இருபத்தேழு ராத்தல்," என்றார். "ஒரு நிமிஷம். எடை நடக்கறப்ப பலகையை மூடி வெக்கணும்." ஒரு பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார். ரொம்ப நேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தராசின் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் சாக்பீஸால் எழுதினார். 'நிறுவையில்: யோகராணி.'

"பி.எஸ்சி.," என்றேன்.

"எடைக்கு அது தேவையா மிஸ்?"

"அதை விட்டா என் எடை குறையும் சார்."

எழுதினார்.

"சரி, எறங்குங்க. உங்க எடையைக் கழிச்சுடலாம்."

"என் எடையை, எவ்வளவு?"

"முழுசா."

தாழ்வாரத்தில் சத்தம் கேட்டது. பஸ் சீட்டில் தாராளமாக உட்கார்ந்திருக்கும் ஆள், புதிதாக ஏறியவருக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விடும் சத்தம். கண்ணாடி லேசாக முனகியது.

மீனுக்கும் கேட்டது. அது என் தோளில் முகத்தை வைத்து ஒண்டிக்கொண்டது.

"எறங்காத," என்றது.

"எறங்கல," என்றேன்.

சம்பந்தமூர்த்தி என்னைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். "எறங்குங்க மிஸ்."

"எறங்கலன்னா என்ன ஆகும்?"

"எடை முடியாது."

"முடியலன்னா?"

அது அவருக்குத் தெரியவில்லை. தலைவர் நாற்காலிக்குப் போனார். "எடை முடியற வரைக்கும் சாதனை யாருக்கும் இல்ல," என்றார் அங்கிருந்து. சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். கடைசி நாற்காலிக்கு ஓடினார்.

"ஆட்சேபம்!"

"எதுக்கு?"

"எறங்காததுக்கு. எறங்காததுக்கு ஒரு ராத்தல் கழிவு!"

"எறங்கினப்புறம்தானே சார் கழிக்க முடியும்? தராசு மேல நிக்கறவளைக் கழிக்க முடியுமா?"

அவர் விதிகளைப் புரட்டினார். ஐந்து நாற்காலியிலும் ஒவ்வொரு முறை உட்கார்ந்து பார்த்தார். ஐந்திலும் முடியாது என்றுதான் வந்தது.

அம்மா பெஞ்சிலிருந்து குதித்து இறங்கி வந்தாள். "எறங்கு புள்ள. ஐயாவுக்குச் சங்கடமா இருக்கும்ல."

"எனக்குச் சங்கடமா இல்லையா?"

"நாலு மணி பஸ்ஸு?"

"போகட்டும்."

அம்மா தராசைச் சுற்றி வந்தாள். தட்டைத் தொட்டுப் பார்த்தாள். முப்பது வருடம் அவள் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறாள். அதன் மேல் சாக்கு ஏறியிருக்கிறது. அவள் ஏறியதில்லை.

"ஆடுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் ஆடும்."

"கையைக் குடு."

கையைக் கொடுத்தேன். ஏறினாள். சம்பந்தமூர்த்தி எழுந்து நின்றார்.

"இது யாரும்மா? இவங்க மீனா, ஆளா? எந்தக் கணக்குல எழுத?"

"நான் கழிவுங்கய்யா," என்றாள் அம்மா.

"கழிவுன்னா பெட்டிக்குப் போகணுமே."

"முப்பது வருசமாப் போய்க்கிட்டுத்தான இருக்கேன். இன்னைக்கு லீவு."

முள் அசைந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொஞ்சம் நானா?"

"நீதாம்மா."

"அவ்வளவா?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். முள் அப்படியே நின்றது. இன்னொரு காலைத் தூக்கப் பார்த்தாள், விழப் போனாள், என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பெயரைச் சிலேட்டில் எழுதச் சொன்னேன். சம்பந்தமூர்த்தி எழுதினார், கனகமணி என்று. மீனிடம் அதன் பெயரைக் கேட்டேன்.

"மீனுன்னே போடுங்க, எங்கள்ல எல்லாருக்கும் அதான்," என்றது. எழுதியதும் கழுத்தை நீட்டி இரண்டு முறை படித்தது.

நாலு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சம்பந்தமூர்த்தி ஐந்து நாற்காலிகளையும் தராசைச் சுற்றிப் போட்டார். எங்களுக்கு டீ கொண்டுவந்தார். டீயையும் எடையில் சேர்ப்பதா என்று ஆட்சேப நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். குடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் நாற்காலியில் முடிவு செய்தார். பெட்டிக்குள் ஹெம்பிள்டன் துரையின் மீன் இரண்டு முறை கனைத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கால் வலிக்குதா?" என்று மீன் கேட்டது.

"வலிக்குது."

"கொஞ்ச நேரம் நான் நிக்கறேன்."

"உனக்குக் காலே இல்ல."

"அதனாலதான் சொல்றேன். எனக்கு வலிக்காது."

அது சொன்னது சரிதான். நான் குனிந்தேன். மீன் தட்டில் இறங்கி நின்றது, கொஞ்சம் வழுக்கி, பிறகு நிலையாக. என்னைத் தூக்கிக்கொண்டது.

"மிஸ், இப்ப யாரு யாரைப் பிடிச்சது?" என்றார் சம்பந்தமூர்த்தி, சாக்பீஸும் கையுமாக.

முள் அசையவில்லை.